எலிக்கு வாரண்டி இல்லை

"எலி வயரைக் கடிச்சதுக்கெல்லாம் வாரண்டி கிடையாது சார்" என்றாள் கார் கம்பெனியின் சர்வீஸ் கவுண்டரில் இருந்த மார்லிஸ்.

காத்திருக்கும் அறையில் இலவசமாகத் தந்த பாப்கார்ன் வெண்டலுக்குக் கசந்தது. புதுக் கார். நடுவழியில் விளக்கெல்லாம் அணைந்து நின்றுவிட்டது. ரெஜைனா நகரத்திலிருந்து அவன் வேலை பார்க்கும் சுரங்கத்துக்கு பஸ் கிடையாது. நாளைக்கும் வராவிட்டால் வேலை போய்விடும் என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டான்.

"வயரிங் மட்டம்னு ஒத்துக்கங்களேன்!"

"மட்டமானது உங்க வீட்டு எலி சார். எஞ்சினுக்குள்ள கூடே கட்டியிருக்கு, பாருங்க."

மெக்கானிக் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தான். கடிபட்ட வயர்த் துண்டுகள், பஞ்சு, சிவப்புக் கோடு போட்ட காகிதக் கிழிசல்கள், நடுவே பாப்கார்ன்.

வெண்டல் தன் கையிலிருந்த பாப்கார்ன் காகிதப் பையை அதனருகே வைத்தான். அதே சிவப்புக் கோடு.

"நீங்க வண்டியில உக்காந்து தின்னிருப்பீங்க" என்றாள் மார்லிஸ்.

"எப்படிம்மா தின்பேன்? கதவுப் பூட்டுக்கு பார்ட் வரலைன்னு போன மாசம் பூரா வண்டி உங்க ஷெட்டுக்குப் பின்னாலதானே நின்னுச்சு!"

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடிவந்தார். தட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இலவசமாவே செஞ்சு தர்றோம் சார். வயர் வர மூணு வாரம் ஆகும்."

"அதுவரைக்கும் நான் ஓட்ட வேற வண்டி குடுங்க."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

"இருந்த ரெண்டையும் எலி கடிச்சிருச்சு சார்."