வெறும் மிக்ஸி

தறிப்பட்டறை இரைச்சலில் காதருகே கத்தினாலும் கேட்காது. எதிரெதிர்த் தறிகளில் நின்ற நாச்சிமுத்துவும் தெய்வானையும் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே பேசிப் பழகினார்கள். "என்னையக் கட்டிக்கிறியா?" என்று அவர் கேட்டதும் அப்படித்தான். வேலையை விட்டுச் சந்தடியில்லாத வீட்டுக்கு வந்தபிறகு, அவர் அவள் பக்கம் திரும்புவதே இல்லை. அதுதான் காது கேட்கிறதே.

"ஏனுங்க, டாக்டரம்மா மறுபடியும் வரச் சொல்லியிருக்காங்க."

"ம்" என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தெய்வானை எழுந்துபோய் வெறும் மிக்ஸியை ஓடவிட்டாள். பழைய பழக்கத்தில் அவர் தலை நிமிர்ந்து அவள் உதட்டைத் தேடியது. அவள் குரலெடுக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்து, சுவிட்சை அணைக்கக் கை நீட்டினாள். எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் உதடு அசையத் தொடங்கியிருந்தது.