மை பூசிய இரண்டு வரிகள்

காட்டு நீதிமன்றத்தின் தீர்ப்போலைகளை ஓர் ஆமை பாதுகாத்து வந்தது. யார் கேட்டாலும் ஓலையைக் காட்டுவது அங்கே வழக்கம். ஒரு நாள் அணில் வந்து, "என் புருஷன் என்னைக் கடிக்கிறான். என்னைப் போல யாராவது வழக்குப் போட்டு ஜெயிச்சிருக்காங்களா?" என்று கேட்டது.

அப்படி ஒரு வழக்கில் மான் ஜெயித்திருந்தது. ஆனால் அது புருஷனுக்குப் பயந்து குட்டியோடு ஒளிந்து வாழும் புதரும் அந்த ஓலையில் எழுதியிருந்தது. ஆமை மெல்ல நடந்துபோய் மானிடமே கேட்டது.

"என் பேரையும் இடத்தையும் மறைச்சிடுங்க. மத்ததை அவ படிக்கட்டும்," என்றது மான்.

ஆமை அந்த இரு வரிகளில் மட்டும் மை பூசிக் கொடுத்தது. அணில் அதைக் கடைசி வரை படித்தது. "இவங்க யாரு? பார்த்து நன்றி சொல்லணும்."

"அதைச் சொல்ல மாட்டேன்மா. நாளைக்கு உன் ஓலையைக் கேட்டு ஒருத்தி வருவா. அவகிட்ட உன் பேரையும் சொல்ல மாட்டேன்," என்றது ஆமை.

அணில் அங்கேயே உட்கார்ந்து மனு எழுதத் தொடங்கியது.