நர்ஸ் மேல் ஒரு மனு

நாரின் நகரப் பள்ளியின் நர்ஸ் புருல்சா, எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு மாதவிலக்கு, கருத்தரிப்பு பற்றி வகுப்பெடுத்த மறுவாரமே தலைமையாசிரியர் ஜோல்தோஷ் கூப்பிட்டனுப்பினார்.

"நாப்பது தாய்மாருங்க மனு குடுத்திருக்காங்க. 'நர்ஸ் எடுக்கும் வகுப்பு குறித்து'ன்னு தலைப்பு. மேல படிக்கவே கூசுது. இந்த வம்பு வேணாம்னு அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

புருல்சா மனுவை வாங்கிப் பிரித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மலர்ந்தது.

"பொண்ணுங்க வீட்டுல வந்து சொல்லித்தான் அம்மாமாருக்கே இதெல்லாம் தெரியுமாம் சார். அவங்களுக்கும் வகுப்பு எடுக்கச் சொல்றாங்க."

"யாரு அந்த வெக்கங்கெட்டவங்க?"

"முதல் கையெழுத்து உங்க வீட்டம்மாவோடது."

ஜோல்தோஷ் மனுவை வாங்கி இரண்டு முறை பார்த்தார். பிறகு இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"பெரிய ஹாலைத் திறந்துக்கோ. உன் ரூம் பத்தாது."