உருண்டைக்கு உள்ளே

பிற்பகல் வெயில் சன்னல் கம்பிகளின் ஊடே பாயில் வரிவரியாக விழுகிறது. கரையில் தோணிக்குப் பலகை அறையும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கிறது. "நடுவுல ஒரு வளையம் போட்டு, அதுக்குள்ளயே மூணு மூணாப் பின்னணும். மூலைக்கு மூலை ரெண்டு சங்கிலி விட்டாச் சதுரம் தானா விரியும்" என்கிறாள் பிலோமி. எதிரே உட்கார்ந்திருக்கும் வடிவு, மில்லர்புரத்துக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் கஸ்டம்ஸ்காரரின் மனைவி. குரோஷா ஊசியைத் தொட்டதே இல்லை என்று சொல்லித்தான் கற்றுக்கொள்ள வந்தாள். ஆனால் யாரும் சொல்லாமலே, பின்னிப் பழகியவள் போல நூலைச் சுண்டுவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்கிறாள். அவள் பின்ன நினைப்பது உல்லன் போர்வை. இந்த வெக்கையில் அது யாருக்கு? பிலோமி கேட்பதற்கு முன்பே, "பெங்களூர்ல அக்கா பிள்ளைக்கு" என்கிறாள் வடிவு. சதுரம் உள்ளங்கை அளவிலிருந்து தட்டு அளவுக்கு விரிகிறது. நீல நூலுருண்டை பாயில் துள்ளித் துள்ளிச் சிறுக்கிறது. பிலோமியின் கண் அதில்தான் இருக்கிறது. மதுரையில் வாங்கிய நூல் என்று வடிவிடம் சொல்லியிருக்கிறாள். உண்மையில் அது கொழும்பிலிருந்து அவள் தம்பி தோணியில் ஒளித்துக் கொண்டுவந்தது. அதன் சீமை லேபிளை மடித்து நடுவில் வைத்துத்தான் உருண்டை சுற்றினாள். எடுத்துக் கொடுத்த பிறகே அது நினைவுக்கு வந்தது. இப்போது நூலிழைகளுக்கு இடையே ஒரு பொன்னிற எழுத்து தெரிகிறது. "இன்னைக்கு இவ்வளவு போதும், வடிவு. பழகாத கை, வலிக்குமுல்லா." வடிவு நிமிரவில்லை. "இன்னும் ஒரு சுத்துதான்க்கா" என்று நூலை வெடுக்கென்று இழுக்கிறாள். பிலோமி நீட்டிய கைக்கு எட்டாமல், உருண்டை வடிவின் மடியோரம் போய் நிற்கிறது.