அந்த மேசையிலிருந்து வந்த ஒயின்

நண்பகல் வெயில் திராட்சைப் பந்தலைப் பொத்துக்கொண்டு மேசையின் காகித விரிப்பில் விழுகிறது. ஆர்கிரோ சுட்ட மீனைக் கையால் பிய்த்து, முள்ளை எடுத்துவிட்டு, தம்பி லெஃப்தெரிஸின் தட்டில் வைக்கிறாள். ஐம்பது வயதாகியும் அவனுக்கு முள் பார்த்துத் தின்னத் தெரியாது. சாப்பாட்டுக் கடைக்காரர் ஸ்தாமூலிஸ் அவர்கள் கேட்காத ஒயின் கூஜா ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறார். “பாந்தெலிஸ் அனுப்பினாரு. உங்க ஒலிவத் தோப்புல தம்பி பங்கை அவர் வாங்கிட்டாராமே! அப்பா காலத்து வரப்புச் சண்டையெல்லாம் மறந்துட்டுக் குடிங்கன்னாரு.” சுவரோர மேசையில் பக்கத்துத் தோப்புக்காரர் பாந்தெலிஸ் தன் குவளையைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருக்கிறார். அனுப்பியவரைப் பார்த்துப் பதிலுக்குக் குவளையைத் தூக்காமல் இங்கே யாரும் வாய் வைப்பதில்லை. ஆர்கிரோ தம்பியைப் பார்க்கிறாள். அவன் தலை நிமிராமல், தக்காளிச் சாற்றில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே இருக்கிறான். “சாப்பிட்டு முடிச்சதும் சொல்லலாம்னுதான்க்கா இருந்தேன்.” எங்கோ பந்தலுக்குள் ஒரு குளவி ரீங்கரிக்கிறது. அவள் கூஜாவைச் சாய்த்து அவன் குவளையை மட்டும் விளிம்புவரை நிரப்புகிறாள். “தூக்குடா. பாவம், அவருக்குக் கை வலிக்கப்போகுது.” பிறகு அடுத்த மீனை எடுத்து, முள்ளோடு அவன் தட்டில் வைக்கிறாள்.