கணக்கு வராத கணவர்

ஆபீசில் அவருக்கு 'ஆடிட்டர்' என்று பட்டப்பெயர். அந்தப் பரீட்சை எழுதித் தேறியவர் இல்லை. கணக்குப் பிரிவில் பழம் தின்று கொட்டை போட்டவர், அவ்வளவுதான்.

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் மாதம் வந்தால் அவர் மேஜையைச் சுற்றிக் கூட்டம் அள்ளும். மேனேஜரிலிருந்து டிரைவர் வரை எல்லோருக்கும் காசு வாங்காமல் போட்டுக் கொடுப்பார்.

"ஒரு டீ குடிக்கிற நேரம். இதுக்குப் போய் வெளியில ஆள் வெச்சுத் தண்டம் அழறாங்களே" என்பார்.

அப்படிப்பட்டவரிடம் கேஷியர் ஒரு நாள் வந்து காதோடு காதாகச் சொன்னார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. வரி ஆலோசகர்னு போர்டு போட்ட ஒரு வீட்டுக்குள்ள உங்க வீட்டம்மா ஃபைலோட போறதைப் பார்த்தேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

மனைவி பிசியோதெரபிஸ்ட். கை கால் முடியாதவர்களின் வீடுகளுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பவள். போன வருஷமே, இனிமேல் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். நம்மைப் பார்த்துக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அன்று சாயங்காலம் கேட்டார். அவள் மறைக்கவில்லை. போன வருஷமும் அங்கேதான் கொடுத்தாளாம்.

"நான் குத்துக்கல்லாட்டம் வீட்டுல இருக்கேன். வெளியாள் எதுக்கு?"

"அவர் போட்டாத்தான் எனக்குத் திருப்தி. இதை இத்தோட விட்டுடுங்களேன்."

சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவரால் விட முடியவில்லை. தனக்குத் தெரியாமல் வருமானம் ஏதாவது வருகிறதா? தங்கைக்கு ரகசியமாகப் பணம் அனுப்புகிறாளா? இல்லை, ஊரே நம்புகிற தன்னைக் கட்டியவள் மட்டும் நம்பவில்லையா? கடைசிச் சந்தேகம்தான் அதிகமாகக் குடைந்தது.

சனிக்கிழமை, அவள் வேலைக்குக் கிளம்பியதும், விசாரித்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். போர்டில் தூசி. வருகிறவர்கள் உட்கார வாசலில் போட்டிருந்த பெஞ்சு காலி. கதவைத் திறந்த அம்மாளிடம் தான் இன்னாருடைய கணவர் என்றார். அந்த அம்மாள் கொஞ்சம் தயங்கிவிட்டு உள்ளே கூட்டிப்போய், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தன் கணவரிடம் அதைச் சொன்னார்.

மேஜையில் மனைவியின் ஃபைல் திறந்து கிடந்தது. ஆலோசகர் வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்து எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவரின் முகம் மலர்ந்தது. உதடு ஒரு பக்கம்தான் சிரித்தது.

"வாங்க... நீங்கதானா? உங்களுக்கு... கணக்கு சுத்தமா வராதாமே. கூட்டலுக்கே... விரல் விட்டு எண்ணுவீங்களாம். உங்க வீட்டம்மா சொன்னாங்க."

அவருக்குச் சுருக்கென்றது. முன்பின் தெரியாதவரிடம் இப்படியா மானத்தை வாங்குவாள்? சுடச்சுட ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆலோசகரின் மனைவி குறுக்கே வந்து, தண்ணீர் தருவதாகச் சொல்லி அவரைச் சமையலறைப் பக்கம் அழைத்துப்போனார்.

அங்கே அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திச் சொன்னது இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம். கையும் போனது, பேச்சும் போனது. கணக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். பயிற்சி எதற்கும் அவர் மசியவில்லை. எழுதிப் பழக ஒன்று, இரண்டு போட்டுக் கொடுத்தால் தூக்கி எறிவார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தே கிடந்தார். பயிற்சி கொடுக்க வந்தவள் ஒரு நாள் தன் ஃபைலை அவர் மடியில் வைத்தாள்.

"'வீட்டுக்காரருக்குக் கணக்கு வராது சார், உங்களை விட்டா எனக்கு ஆள் இல்லை'ன்னாங்க. மறுநாள் காலையில அவராவே எழுந்து மேஜைக்கு வந்துட்டார். உங்க உத்தியோகம் எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது."

"அவர் போட்டுக் குடுத்த கணக்கு?" தொழில் புத்தி அவரைக் கேட்க வைத்தது.

"போன வருஷம் எல்லாமே தப்பு. நன்றி சொல்லி வாங்கிட்டுப் போய், அவங்களே உட்கார்ந்து வேற போட்டுத் தாக்கல் பண்ணினாங்க. இந்த வருஷம் இதுவரை போட்டதுல பாதிக்கு மேல சரியா இருக்காம். வெளியில மூச்சு விட வேண்டாம்னு நான்தான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன். இவர் காதுல விழுந்தா மறுபடி படுத்துடுவார்."

அவர் தண்ணீரைக் குடித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு மெல்லத் திரும்பி வந்து, ஆலோசகர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தன் சம்பளக் கணக்கையும் நாளைக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டார்.

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இத்தனை நாள்... யார் போட்டாங்க?"

"தெரிஞ்ச ஒருத்தர் போட்டுக் குடுத்திட்டிருந்தார்."

"ஆள்... எப்படி?"

"தலைக்கனம் பிடிச்ச ஆள் சார். இனிமே நீங்களே பாருங்க. எனக்குத்தான் கணக்கு வராதே."