வேறு கம்பெனி

மூன்றாவது இன்டர்நெட் கம்பெனிக்காரனும் மொட்டை மாடியில் நின்று அதே போஸ்டைத்தான் காட்டினான்.

கொழுந்தன் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற போஸ்ட்.

"எந்தக் கம்பெனியா இருந்தாலும் ஒயர் அங்க இருந்துதாம்மா வரணும். அவங்க மாடி வழியா இழுத்தா அஞ்சு நிமிஷ வேலை. ஒரு வார்த்தை கேட்டுருங்க."

அவள் கணவரைப் பார்த்தாள்.

அவர் கைப்பிடிச் சுவரில் காய்ந்துகிடந்த காக்கை எச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற கம்பெனி பாப்போம்" என்றார்.

ஒரு காலத்தில் இரண்டும் ஒரே வீடு. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது நடுச்சுவர் அரையடி இந்தப் பக்கம் தள்ளி எழும்பிவிட்டது. அன்றைக்கு நின்ற பேச்சு. அந்த அரையடியில் ஒரு நாற்காலி போடக்கூட இடம் கிடையாது.

மகள் கோமதி பெங்களூரில் வேலைக்குப் போய், ஹாஸ்டல் தண்ணீரில் மஞ்சள் காமாலையை வாங்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்குத் திரும்பியவள். கண்ணில் மஞ்சள் வடிந்து, கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்து, இப்போதுதான் தேறியிருக்கிறாள்.

ஆபீஸில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் நல்ல இன்டர்நெட் இருந்தால் அங்கிருந்தே வேலை பார்க்கலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை நேரில் வந்து நிற்க வேண்டும்.

செல்போன் சிக்னலை நம்பி உட்கார்ந்தால் மீட்டிங் நடுவில் அறுந்துபோகிறது.

மாப்பிள்ளை பார்ப்பதுபோல அவர் கம்பெனி பார்த்தார். நோட்டீஸ்களைக் கட்டிலில் விரித்துப் போட்டார். இதில் வேகம் ஜாஸ்தி என்றார். இதில் சினிமாவெல்லாம் சேர்த்துத் தருகிறான் என்றார். கோமதியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒவ்வொன்றாக விளக்கினார்.

எல்லாவற்றையும் பேசினார், போஸ்டைத் தவிர.

கோமதி தலையாட்டிக் கேட்டாள். பிறகு உள்ளே போய்ப் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

அந்தச் சத்தம் அடுக்களையில் நின்ற அம்மாவுக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமை, அவர் பென்ஷன் ஆபீஸுக்குப் போன நேரம் பார்த்து, அவள் கொழுந்தன் வீட்டு வாசலில் போய் நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்திருந்தாள். வழி என்பது பத்தடிதான்.

இசக்கியப்பன் சாப்பிட்ட கையோடு எழுந்து வந்தான்.

"இதுக்கா மதினி வாசல்ல நிக்கிய? கோமுக்கு இல்லாத மாடியா? இழுக்கச் சொல்லுங்க."

இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. அங்கேயே அழுதுவிட்டாள்.

மத்தியானமே ஒயர் வந்துவிட்டது. கறுப்பு ஒயர். நடுச்சுவரைத் தாண்டி, கைப்பிடிச் சுவரோடு ஓடி, ஜன்னல் வழியாகக் கோமதியின் அறைக்குள் இறங்கியது. மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

கோமதி மீட்டிங்கில் உட்கார்ந்தாள். இங்கிலீஷில் என்னவோ சொல்லிச் சிரித்தாள். அறை வாசலில் நின்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அத்தனை சந்தோஷமாக இருந்தது.

அவர் வந்தார்.

செருப்பைக் கழற்றும்போதே மேலே ஒயரைப் பார்த்துவிட்டார்.

அடுக்களைக்குள் போனார். பால் பாக்கெட் வெட்டுகிற கத்தரிக்கோல் ஆணியில் தொங்கும். அதை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம். அவரைத் தடுத்து அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

மோடத்தில் விளக்கு சிவப்பானது.

"ஹலோ" என்றாள் கோமதி. மறுபடியும், "ஹலோ."

மேலே காலடிச் சத்தம் கேட்டது. கோமதி நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். லேப்டாப்பை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ். அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டார். தண்ணியைக் காய்ச்சிக் குடி என்று ஜன்னலோரம் நின்று சொன்னார். பஸ் நகரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒயருக்குள் இரும்புக் கம்பி இருந்திருக்கிறது. அதை வெட்டியதில் கத்தரிக்கோலின் வாய் மடங்கிவிட்டது. தினமும் காலையில் பால் பாக்கெட் கோணலாகக் கிழிந்து அவள் கையெல்லாம் வழிகிறது. இப்போது ஒரு பாக்கெட்தான் வாங்குகிறாள். அதிலும் மிஞ்சுகிறது.

ஒரு சாயங்காலம் கோமதி வீடியோவில் கூப்பிட்டாள். ரெண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை என்றாள். அதற்குள் கரகரவென்றது.

அவர் போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். அவளும் பின்னால் ஓடினாள். நடுச்சுவர் ஓரம்தான் சிக்னல் கொஞ்சம் எடுக்கும்.

வெட்டுப்பட்ட ஒயர் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. இசக்கியப்பன் இன்னும் அதை அவிழ்க்கவில்லை.

"கோமு, கண்ணைக் காட்டு. கீழ் இமையை இழுத்துக் காட்டு. கேக்குதா?" என்று கத்தினார்.

கோமதி இமையை இழுத்தாள்.

படம் அப்படியே நின்றுவிட்டது. முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோனது. கண் மஞ்சளாக இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது.

அவர் போனைச் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். வேட்டி நுனியால் திரையைத் துடைத்துப் பார்த்தார்.

"சே. வேற கம்பெனி பாக்கணும்" என்றார்.

அவள் அவர் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"முதல்ல வேற கத்தரிக்கோல் வாங்குங்க" என்றாள்.